‘அதிகாரபூர்வ’ ஹோட்டல் யாருடைய ஹோட்டல்?

பள்ளி விடுமுறை நெருங்கினால் பயண விளம்பரங்களில் ஒரு சொல் பெருகிவிடும்: ‘அஃபிஷியல்’. அஃபிஷியல் ஹோட்டல், அஃபிஷியல் ரிசார்ட், அஃபிஷியல் பார்ட்னர். அதையே தமிழில் ‘அதிகாரபூர்வம்’ என்று எழுதினால் அரசாங்க முத்திரை குத்தியதுபோல் இன்னும் கனமாகிவிடுகிறது. பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக ஈராண்டு பணம் சேர்த்த குடும்பம் அந்தச் சொல்லைப் பார்த்ததும் என்ன நினைக்கும்? பூங்காக்காரர்களே நடத்தும் ஹோட்டல், அவர்கள் தரும் சலுகையெல்லாம் நமக்கும் உண்டு என்றுதான்.

சில ஊரில் அது சரி. சில ஊரில் பாதி சரி. நம்மவர்கள் ஆசையோடு போகும் தோக்கியோவில் ஏறக்குறையத் தலைகீழ்.

தோக்கியோ டிஸ்னி ரிசார்ட் முதலில் தோக்கியோவிலேயே இல்லை. பக்கத்துச் சீபா மாநிலத்தில், உராயாசு நகரில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் இருக்கிறது. 1983 ஏப்ரல் 15ஆம் தேதி டிஸ்னிலேண்டும், 2001இல் டிஸ்னிசீயும் அங்கே திறக்கப்பட்டன. பூங்காவோடு தொடர்புள்ள ஹோட்டல்களை அவர்கள் நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் வகைக்குப் பெயர் ‘டிஸ்னி ஹோட்டல்’. அஃபிஷியல் ஹோட்டல் என்பது இரண்டாவது வகை. அதற்கும் கீழே ‘பார்ட்னர் ஹோட்டல்’, கடைசியில் ‘குட் நெய்பர் ஹோட்டல்’, அதாவது நல்ல அண்டைவீட்டுக்காரர். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

ஆக, அங்கே ‘அஃபிஷியல்’ என்றாலே டிஸ்னி பெயரில் நடக்காத ஹோட்டல் என்று பொருள். ஷெரட்டன், ஹில்டன், ஒக்குரா, கிராண்ட் நிக்கோ, தோக்கியோ பே மாய்ஹாமா, அதன் ‘ஃபர்ஸ்ட் ரிசார்ட்’ என ஆறு ஹோட்டல்கள். எல்லாம் வேறு நிறுவனங்களின் பெயரில் நடப்பவை. ஆனால் ஆறுமே ரிசார்ட் வளாகத்துக்குள்தான், கடலோரமாக வரிசையாக நிற்கின்றன. வளாகத்தைச் சுற்றி ஓடும் மோனோரயிலில் பேசைட் நிலையத்தில் இறங்கினால் அவற்றுக்குப் போய்விடலாம். ஜன்னல் கண்ணாடிகூட மிக்கியின் தலை வடிவில் இருக்கும் அந்த மோனோரயிலுக்குக் கட்டணம் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா குடும்பம் போனபோது நடந்தது இதுதான். பயண முகவர் மாமாவிடம், “அண்ணே, இது அஃபிஷியல் ஹோட்டல்ணே, டிஸ்னி வளாகத்துக்குள்ளேயே இருக்கு” என்றிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அக்காவோ டிஸ்னி ஹோட்டலில் தங்குவோருக்குப் பூங்கா திறப்பதற்கு 15 நிமிடம் முன்பே உள்ளே போகும் சலுகை இருப்பதை எங்கோ படித்துவிட்டு, பிள்ளைகளை இருட்டோடு எழுப்பிக் குளிப்பாட்டி, மாமியாரையும் நடத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அங்கிருந்த ஊழியர் அறைச் சாவி உறையைப் பார்த்தார், குனிந்து வணங்கினார், மிகுந்த பணிவோடு வேறு வரிசையைக் காட்டினார். அன்று இரவே எனக்குப் போன் வந்துவிட்டது. “நீதான் மீடியா படிச்சவளாச்சே. அஃபிஷியல்னா என்னடி அர்த்தம்?”

15 நிமிடம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். அந்தப் பூங்காக்களில் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்பவருக்கும் அரைமணி கழித்துப் போய் நிற்பவருக்கும் வரிசையில் உள்ள வித்தியாசம் சில சமயம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். வயதானவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும்.

அக்காவின் கேள்விக்குப் பதில் என் தொழிலிலேயே இருந்தது. ஒரு கலைநிகழ்ச்சிக்கு எங்களைப்போல் ஒரு வானொலி நிலையம் ‘அதிகாரபூர்வ வானொலி’ ஆவது எப்படி? ஒப்பந்தத்தால். நாங்கள் விளம்பர நேரம் கொடுப்போம். அவர்கள் மேடையில் எங்கள் சின்னத்தைப் போடுவார்கள், நேயர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் நுழைவுச்சீட்டும் தருவார்கள். நிகழ்ச்சி எங்களுடையது இல்லை. நிகழ்ச்சி தள்ளிப்போனால் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் ஏற்பாட்டாளர். இருந்தாலும் நேயர்கள் எங்களுக்குத்தான் போன் போடுவார்கள், திட்டும் எங்களுக்குத்தான். ‘அதிகாரபூர்வம்’ என்ற சொல் உரிமையைச் சொல்வதாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது சொல்வது உறவை. அந்த உறவில் என்னென்ன அடக்கம் என்பது ஒப்பந்தத்தை எழுதியவருக்குத்தான் தெரியும்.

உரிமையைத் தேடிக்கொண்டே போனால் தோக்கியோவில் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. அந்தப் பூங்காவே டிஸ்னிக்குச் சொந்தமில்லை. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம்தான் இரண்டு பூங்காக்களுக்கும் உரிமையாளர். டிஸ்னியிடம் உரிமம் பெற்று, அதற்குக் கட்டணம் செலுத்தி நடத்துகிறது. ‘டிஸ்னி ஹோட்டல்’ என்ற முதல் வகையை நடத்துவதும் அதன் துணை நிறுவனமான மிலியல் ரிசார்ட் ஹோட்டல்ஸ். அமெரிக்க டிஸ்னி நிறுவனமே நடத்துவதுதான் அதிகாரபூர்வம் என்று அளந்தால் அந்த வளாகம் முழுவதும் தேறாமல் போய்விடும்.

இடத்தை வைத்து அளந்தாலும் சிக்கல். 2016இல் திறக்கப்பட்ட செலிப்ரேஷன் ஹோட்டல் பெயரிலும் வகையிலும் டிஸ்னி ஹோட்டல். ஆனால் அது ரிசார்ட் வளாகத்தில் இல்லை; ஷின் உராயாசு பகுதியில் இருக்கிறது, பூங்காவுக்குப் பேருந்தில்தான் வர வேண்டும். டிஸ்னியின் பெயரில்லாத ஹில்டன் உள்ளே, டிஸ்னி ஹோட்டல் வெளியே. 2022இல் வந்த டாய் ஸ்டோரி ஹோட்டலோ அதே பேசைட் நிலையத்தின் எதிரில் நிற்கிறது. அதுவும் அந்த ஆறு ஹோட்டல்களும் ஒரே அக்கம்பக்கத்தில், வெவ்வேறு வகையில்.

ஜப்பானிலேயே ஓசாக்காவுக்குப் போனால் இந்தக் கணக்கு மாறிவிடும். 2001இல் திறக்கப்பட்ட யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஜப்பானில் ‘அஃபிஷியல் ஹோட்டல்’தான் முதல் வகை. கெய்ஹான், கிந்தெட்சு, பார்க் ஃபிரண்ட் என்று அங்குள்ளவை அனைத்தும் பிறர் நடத்துபவை. அவற்றுக்கு மேலே ‘யுனிவர்சல் ஹோட்டல்’ என்று ஒரு படி கிடையாது. யுனிவர்சல் சிட்டி ரயில் நிலையத்தைச் சுற்றியே பெரும்பாலானவை இருப்பதால் அங்கே நாம் முக்கியமாகக் காசு கொடுத்து வாங்குவது அருகாமை. விளையாட்டுகளில் வரிசையைத் தாண்டிப் போக வேண்டுமானால் எக்ஸ்பிரஸ் பாஸ் தனியாக வாங்க வேண்டும். ஒரே நாடு, ஒரே ஆங்கிலச் சொல். உராயாசுவில் அது இரண்டாம் படி, ஓசாக்காவில் முதற்படி.

இந்த விவாதம் முப்பது ஆண்டுக்கும் மேலாக ஓயாமல் நடப்பது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில். வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள், இரண்டு பூங்காக்களுக்கு நடுவே ஸ்வான், டால்ஃபின் என்ற இரட்டை ஹோட்டல்கள் 1990இல் திறக்கப்பட்டன. கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்தவை. கூரையின் மேல் மாடிவீட்டு உயரத்துக்கு அன்னமும் மீனும் உட்கார்ந்திருக்கும். நிலம் டிஸ்னியுடையது. கட்டடமும் நிர்வாகமும் வேறு நிறுவனங்களுடையவை; இப்போது மேரியட் குழுமத்தின் பெயர்களில் நடக்கின்றன. அங்கே தங்குவோருக்கும் பூங்கா திறப்பதற்கு அரைமணி முன்பே அனுமதி உண்டு. ஆனால் ரிசார்ட் கட்டணம், இரவு வண்டி நிறுத்தக் கட்டணம் என்று ரசீதில் தனி வரிகள் சேரும். டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் இரவு வண்டி நிறுத்தத்துக்குக் கட்டணம் 2023 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவோடு நின்றால், சரி, இது பாதி டிஸ்னி என்று முடித்துவிடலாம். முடிக்க விடாத ஒரு விவரம் இருக்கிறது. சில இரவுகளில் பொதுமக்களை அனுப்பிவிட்டு, உயர்தர ஹோட்டல் விருந்தினருக்கு மட்டும் பூங்காவை இன்னும் சில மணி நேரம் திறந்து வைப்பார்கள். ஸ்வானிலும் டால்ஃபினிலும் இருப்பவர்கள் அதற்குப் போகலாம். டிஸ்னியே கட்டி, டிஸ்னியே நடத்தும் ஆல் ஸ்டார் என்ற மலிவு விலை ஹோட்டலில் இருப்பவர்கள் போக முடியாது. சொந்தப் பிள்ளைக்கு இல்லாத விருந்து வாடகைக்கு இருப்பவருக்கு! யாருடைய ஹோட்டல் என்பதைவிட எவ்வளவு விலையுள்ள அறை என்பதே அங்கே பெரிதாக இருக்கிறது.

அதே ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்காவின் ஹோட்டல்களை நடத்துவது லோவ்ஸ் என்ற ஹோட்டல் நிறுவனம். அவற்றில் போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்றில் தங்கினால் எக்ஸ்பிரஸ் பாஸ் அறை வாடகையிலேயே சேர்ந்துவிடும். நடத்துவது பூங்கா நிறுவனமல்லாத ஒருவர். சலுகையில் குறையே இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். செந்தோசாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரும் உரிமம் பெற்ற பெயர்தான். உரிமையாளர் கெந்திங் சிங்கப்பூர். அதன் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா வளாகத்தில் உள்ள ஹோட்டல்கள் ஒரு கணக்கு, தீவின் மற்றப் பக்கங்களில் கடற்கரையை ஒட்டி இருக்கும் ஹோட்டல்கள் வேறு கணக்கு. ‘செந்தோசா ரிசார்ட்’ என்று விளம்பரத்தில் போட்டால் இரண்டுமே பொருந்தும். கெந்திங் மலையிலும் இதே கதை. உச்சியில் பூங்காவையும் பேரங்காடியையும் ஒட்டி நிற்கும் ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலுக்கு 7,351 அறைகள்; கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்ற எண்ணிக்கை. அதே ‘கெந்திங்’ என்ற பெயரைப் போட்டு, மலைப் பாதையில் பாதிவழியில் இருக்கும் அடுக்குமாடி வீடுகளையும் நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மலைக்கும் அதே பெயர், நிறுவனத்துக்கும் அதே பெயர் என்பதால் விளம்பரக்காரரைக் குறை சொல்லவும் முடியாது.

அப்படியானால் வளாகத்துக்குள் இருக்கும் பங்காளி ஹோட்டலை அதிகாரபூர்வ ரிசார்ட் என்று ஏற்றுக்கொள்ளலாமா? என் கருத்தில், ஏற்றுக்கொள்ளலாம். பூங்காவே தன் பட்டியலில் பெயர் போட்டு வைத்திருக்கும் ஹோட்டலைப் போலி என்று ஒதுக்குவது வீண் கௌரவம். தோக்கியோவின் மீராகோஸ்தாவில் ஓரிரவுக்கு ஆகும் பணத்தில் அஃபிஷியல் ஹோட்டலில் இரண்டு இரவு தங்கிவிடக்கூடிய நாள்கள் உண்டு. தாத்தா பாட்டி சகிதம் போகும் ஐந்தாறு பேர் குடும்பத்துக்கு அந்தப் பணம் சாப்பாட்டுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் ஆகும். என்னைக் கேட்டால் பெரும்பாலான மலேசியக் குடும்பங்களுக்கு அஃபிஷியல் ஹோட்டலே போதும். முன்கூட்டியே உள்ளே போவதுதான் முக்கியம் என்பவர்கள், அல்லது ஜன்னலைத் திறந்தால் டிஸ்னிசீ தெரிய வேண்டும் என்று கனவு கண்டவர்கள், ஒரேயோர் இரவு மட்டும் டிஸ்னி ஹோட்டலில் இருந்துவிட்டு மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாறிவிடலாம். ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் என்று 2024 ஜூனில் திறந்த ஹோட்டலிலிருந்து டிஸ்னிசீக்குத் தனி வாசலே இருக்கிறது. அந்த ஓர் இரவுக்குப் பொருத்தமான இடம் அது, அறை கிடைத்தால்.

ஆனால் ஏற்றுக்கொள்வதற்கும் ஏமாறுவதற்கும் நடுவே ஒரு வாட்சாப் செய்திதான் தூரம். முன்பணம் கட்டுமுன் முகவரிடம் ‘அஃபிஷியலா?’ என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார், அதுவும் உண்மையாகவே இருக்கும். எந்த வகை ஹோட்டல், அந்த வகைக்குப் பூங்கா முன்கூட்டியே அனுமதி தருகிறதா, எத்தனை நிமிடம், அறை வாடகைக்கு மேல் நாள்தோறும் ஏதாவது கட்டணம் உண்டா, பூங்காவுக்குப் போகும் பேருந்தோ ரயிலோ இலவசமா என்று கேளுங்கள். பதில் குரல்பதிவாக வந்தால், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். நான் குரலை நம்பிப் பிழைப்பவள்தான், இருந்தாலும் சொல்கிறேன். பிறகு பூங்காவின் சொந்த இணையத்தளத்தில் ஹோட்டல் பெயரைத் தேடி, எந்தத் தலைப்பின் கீழ் அது வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சலுகை விதிகளை அவர்கள் அவ்வப்போது மாற்றுவார்கள். போன வருடம் போய்வந்த உறவினர் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு, விடியுமுன்னே பிள்ளைகளை எழுப்பிவிட வேண்டாம்.