அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கலாமா?

பத்திரிகையின் ஓரத்திலும் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் அந்த விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் பொடியைக் கலந்து கொடுத்தால் போதும், குடி தானாக நின்றுவிடுமாம்! கையில் இருக்கும் ஒற்றை வளையலை அடகு வைத்து இதை வாங்கும் பெண்கள் எத்தனை பேர்!

என்னிடமே ஒரு பெண் கேட்டாள். வயது முப்பதுகூட இருக்காது, இடுப்பில் கைக்குழந்தை.

"டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னாலே அவருக்குக் கோபம் வருது அக்கா. ராத்திரி குழம்புல ஒரு சிட்டிகை போட்டா போதும்ங்கறாங்க. போடட்டுமா?"

"வேண்டவே வேண்டாம் அம்மா" என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பொட்டலத்துக்குள் என்ன?

உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிற நமக்குத் தெரியாது. அதுவே முதல் ஆபத்து. சில சமயம் வெறும் மாவாக இருக்கலாம், காசோடு போயிற்று. டைசல்ஃபிரம் என்ற மருந்து அதில் இருந்தால்தான் விபரீதம்.

டைசல்ஃபிரம் நல்ல மருந்துதான். ரப்பர் தொழிலில் பயன்பட்டு வந்த பொருள் இது. மதுப்பழக்கத்துக்கு இதைக் கொடுக்கலாம் என்று டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1948-ல் அறிவித்தார்கள். நம் ஈரல், உள்ளே போன மதுவை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. பிறகு அந்த நச்சையும் முறித்துவிடுகிறது. இந்த மருந்து இரண்டாவது வேலையைத் தடுத்துவிடும். அதனால் மாத்திரை சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இதன் வேகம் இரண்டு வாரம் வரை இருக்கக்கூடும்.

"இதைச் சாப்பிட்டால் குடிக்கக் கூடாது" என்று தெரிந்து, மனசாரச் சம்மதித்தவருக்குத்தான் டாக்டர்கள் இதைக் கொடுப்பார்கள். இதயமும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகே கொடுப்பார்கள். ஒன்றும் தெரியாத மனிதர் வழக்கம்போல் குடித்துவிட்டு வந்தால் அவர் கதி என்ன? யோசித்துப் பாருங்கள்.

அறையில் பூட்டலாமா?

"நாலு நாள் வீட்டுக்குள்ளே பூட்டி வெச்சா சரியாயிடும்" என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. பல வருஷமாகத் தினமும் அதிகம் குடிப்பவருக்கு இதுவும் ஆபத்தே. அவருடைய மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகிப் போயிருக்கின்றன. திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாள் கழித்து, இல்லாத பூச்சியைச் சுவரில் பார்ப்பார், பகலா இரவா என்று தெரியாது. "பேய் பிடிச்சிருக்கு" என்று கோயிலுக்கு அழைத்துப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கட்டம் அது. அங்கே நரம்புகளை அமைதிப்படுத்தும் மருந்தும், குடியால் குறைந்து போகும் பி1 வைட்டமினும் கொடுத்துப் பத்திரமாகக் கரை சேர்ப்பார்கள்.

நிறுத்த முடியாமல் தவிப்பது வெறும் திமிரோ, நம் மேல் பாசம் இல்லாமையோ அல்ல. அது ஒரு நோய் என்பது இப்போது புரிகிறது அல்லவா? நோய் என்பதால் அடிப்பதையும் ஏசுவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. அடி விழும் வீட்டில் உங்கள் பத்திரமும் குழந்தைகளின் பத்திரமும்தான் முதலில். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் பார்க்கிறார்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், இன்னொரு பெண்ணுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அமைப்பின் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அங்கே குடும்பத்தாருக்கும் ஆலோசனை சொல்கிறார்கள். போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. 2022-ல் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம். அவர் வர மறுத்தாலும் நீங்கள் தனியாகப் பேசி வழி கேட்கலாம்.

வீட்டில் பேசுவதற்கும் நேரம் உண்டு. போதையில் இருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம். மறுநாள், நிதானமாக இருக்கும்போது, "நேத்து குழந்தை பயந்து அழுதது உங்களுக்குத் தெரியுமா? டாக்டர்கிட்ட ஒரு தடவை போய்ட்டு வரலாம், நானும் கூட வரேன்" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அவர் ஆபீசுக்கு "ஜுரம்" என்று நீங்கள் பொய் சொல்வதையும், கடைக்காரரிடம் அவர் வைத்த கடனை நீங்கள் அடைப்பதையும் மெல்ல நிறுத்திவிடுங்கள். குடியின் பாரம் அவர் தோளிலும் கொஞ்சம் ஏறட்டும்.

குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவில் தோன்றியது. அவர்களுடைய குடும்பத்தாருக்கென்று 1951-ல் வந்தது அல்-அனான். இரண்டும் நம் நாட்டிலும் கூடுகின்றன, கட்டணம் கிடையாது. அங்கே நீங்கள் அழுதால், "உன்னாலதான் அவன் குடிக்கிறான்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடி ஒரு நாள் குடித்துவிடலாம். எல்லாம் பாழ் என்று இடிந்து போகாதீர்கள். சர்க்கரை ஏறினால் மறுபடி டாக்டரைப் பார்க்கிறோம் இல்லையா? அதே மாதிரிதான். மூன்றாவது, நான்காவது முயற்சியில் நின்றவர்களும் உண்டு.

குழம்பில் ஒளித்துப் போடும் பொடியால் வராத குணம், அவர் தெரிந்து ஒப்புக்கொண்டு எடுக்கும் சிகிச்சையில் வரும். பொட்டலத்துக்கு எடுத்து வைத்த பணம் இருந்தால், அதை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.