நீரைப் பிடித்துவைக்கும் உமி

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமியைப் போட்டுக் கலக்கி வையுங்கள். சில நிமிடங்களில் தண்ணீர் கெட்டிப்பட்டு, வழுவழுப்பான கூழாகிவிடும். அந்த உமியின் மருத்துவக் குணங்கள் எல்லாம் இந்த ஒரு செயலிலிருந்தே பிறக்கின்றன.

இசப்கோல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் குளிர்காலப் பயிராக விளையும் சிறு செடி. படகு போன்ற அதன் விதை பாரசீகர்களுக்குக் குதிரையின் காதாகத் தெரிந்தது. பெயரும் அதிலிருந்தே வந்தது: 'அஸ்ப்' என்றால் குதிரை, 'கோல்' என்றால் காது. விதையின் மேல்தோலான உமியில் அராபினோசைலான் என்ற நார்ப்பொருள் நிறைந்திருக்கிறது. வறண்ட மண்ணில் கிடைக்கிற ஈரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு முளைக்க, விதைக்கு அது உதவுகிறது. ஆனால் கதிர் முற்றியபின் மழை பெய்தால் அதே குணத்தால் விதை ஊறி, விளைச்சல் பாழாகிவிடும்.

இந்த நாரை நம் செரிமான நொதிகளால் உடைக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்களும் அதை அதிகம் சிதைப்பதில்லை. அதனால் பிடித்த நீரைக் கடைசிவரை விடாமல் கொண்டுசெல்கிறது. மலம் இறுகியிருந்தால் இளக்குகிறது. நீராகப் போனால் அந்த நீரை உறிஞ்சித் திரட்டுகிறது. மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு இரண்டுக்கும் ஒரே பொருளை மருத்துவர்கள் தருவது இதனால்தான்.

சிறுகுடலில் இந்தக் கூழ் சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. பித்த அமிலங்களையும் சிக்கவைத்து வெளியேற்றுகிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிய பித்த அமிலம் தயாரிக்க, கெட்ட கொலஸ்ட்ரால் குறைகிறது. கொழுப்பு குறைந்த உணவோடு இந்த உமியிலிருந்து தினம் 7 கிராம் கரையும் நார் சேர்த்தால் இதயநோய் அபாயம் குறையலாம் என்று உணவுப் பொட்டலத்தில் அச்சிட, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இல் அனுமதித்தது.

உமியை ஒருபோதும் வெறுமனே விழுங்காதீர்கள். தொண்டையிலேயே ஊறி மூச்சுத்திணற வைக்கும். விழுங்குவதில் சிரமமோ குடல் அடைப்போ உள்ளவர்கள் தொடவே கூடாது. மற்ற மருந்துகளை அதோடு சேர்த்துச் சாப்பிட்டால் அவை உடலில் சேர்வது குறையலாம்; எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீரை, அவரை, கொள்ளு, கேழ்வரகு, தோலோடு தின்னும் கொய்யா ஆகியவற்றால் தட்டை நிரப்புங்கள். உமி துணைக்கு வரட்டும்; வரும்போது ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு வரட்டும்.