தாமிரம் கேத்ரியில், தண்ணீர் யமுனைக் கரையில்: டெல்லியின் அடிப்பாறை சொல்வது என்ன?

ஆர்.கே.புரம் மலை மந்திர் நிற்கும் குன்று, குடியரசுத் தலைவர் மாளிகை அமைந்த ரைசினா குன்று, ஜேஎன்யு வளாகத்துப் பாறைகள் ஆகிய மூன்றும் ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியான ‘டெல்லி ரிட்ஜ்’ பகுதியின் துண்டுகள். நகரின் அடிப்பாறை மண்ணுக்கு மேலே தலைகாட்டும் இடங்கள் இவை.

என்ன பாறை இது?

மணற்கல் பூமிக்குள் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிப் பிறந்த குவார்ட்சைட். வயது 100 கோடி ஆண்டுகளுக்கும் அதிகம். ராஜஸ்தான் வழியாக குஜராத் வரை நீளும் இந்தப் பாறைத் தொகுதிக்கு நிலவியலாளர்கள் டெல்லியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

நிலவியல் வரைபடத்தை எப்படி வரைகிறார்கள்?

1851-ல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் வழக்கமான வரைபடத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. பாறை தெரியும் இடங்களுக்கு ஆய்வாளர்கள் நேரில் சென்று, அதன் வகையையும், அடுக்குகள் எந்தத் திசையில் எவ்வளவு சரிந்திருக்கின்றன என்பதையும் குறிக்கிறார்கள். வண்டல் மூடிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வரும் பாறைத்தூளும், ஈர்ப்பு, காந்தப்புல அளவீடுகளும் கைகொடுக்கின்றன.

கனிமம் உண்டா?

தெற்கு டெல்லியின் பட்டி சுரங்கங்களில் நொறுங்கிய குவார்ட்சைட்டை வெட்டி, ‘பதர்பூர்’ என்ற பெயரில் கட்டுமானத்துக்கு விற்றார்கள். குசும்பூர் அருகே சீனக் களிமண் கிடைத்தது. பின்னர் சுரங்கப் பணி நின்றது. 1991-ல் பட்டி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இதே தொகுதிப் பாறைகளில்தான் ராஜஸ்தானின் கேத்ரி தாமிரச் சுரங்கங்கள் இருக்கின்றன. அங்கே விரிசல்களில் ஊடுருவிய வெப்பநீர் தாமிரத்தைப் படியவைத்தது. டெல்லியில் அப்படியொரு படிவு இல்லை. ஆக, ஒரே பாறை என்பதால் ஒரே கனிமம் கிடைத்துவிடாது. எங்கே தேடலாம் என்பதைத்தான் வரைபடம் சொல்லும். மண், பாறை மாதிரிகளின் வேதிச் சோதனையும் துளையிடலும்தான் இருப்பை உறுதிசெய்யும்.

வரைபடத்தால் டெல்லிக்கு என்ன பயன்?

ரிட்ஜில் பாறை தரையிலேயே தெரிகிறது. மேற்கே நஜஃப்கர் பக்கம் வண்டலின் தடிமன் சில இடங்களில் 300 மீட்டரைத் தாண்டுகிறது. குவார்ட்சைட்டில் விரிசல் இருந்தால் மட்டுமே தண்ணீர் ஊறும். யமுனைக் கரை மணலிலோ தாராளமாகக் கிடைக்கும். நிலநடுக்கத்திலும் இந்த வேறுபாடு முக்கியம்: இளகிய வண்டல் அதிர்வைப் பெருக்கும், கெட்டிப்பாறை அவ்வளவாகப் பெருக்காது. எனவேதான் 2016-ல் வெளியான நிலநடுக்க ஆபத்தின்படி டெல்லியைச் சிறு மண்டலங்களாகப் பிரித்துக் காட்டும் நுண்மண்டல அறிக்கைக்கு அடிப்பாறையின் ஆழமும் ஓர் அடிப்படைத் தரவானது.