தாய்ப்படையை விட்டுச் செல்வது தவறா?

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறிக்கொண்டிருந்தேன். 3,550 படிகளுள் பாதிக்கு மேல் கடந்த இடத்தில், குடியாத்தத்திலிருந்து வந்து நம்மிடையே குடியேறிய ஓர் அம்மையார் களைத்து அமர்ந்திருந்தார். அவருடைய ஒரே மகன் தரைப்படையில் காப்டன். பாராசூட் படையின் சிறப்புப் பிரிவில், அதாவது கமாண்டோப் படையில், சேர அவன் விண்ணப்பித்திருக்கிறானாம்.

“அவனுக்கு இங்கே என்ன குறை, தம்பி? நம் மொழி பேசும் சிப்பாய்கள், நல்ல மேலதிகாரி. இருக்கிற இடத்தை விட்டு ஆபத்தைத் தேடி ஓடுவானேன்? நீங்கள் நாலும் தெரிந்தவர், ஒரு கடிதம் எழுதித் தடுத்துவிடுங்கள்” என்றார். சரியென்று தலையசைத்துவிட்டேன். எழுதுமுன் விஷயத்தை அறிய வேண்டுமல்லவா? அறிந்தபின் அக்கடிதத்தை எழுத என் கை துணியவில்லை. அதற்கு மாறாக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சிறப்புப் படைக்கு எவரையும் கட்டாயப்படுத்தி அனுப்புவதில்லை. தாமே முன்வருவோரையே எடுத்துக்கொள்கிறார்கள். அதிகாரியாயினும் சிப்பாயாயினும் சோதனைக் காலத்தைக் கடந்தே ஆகவேண்டும். முதுகில் பெருஞ்சுமை, நெடுந்தூர நடை, உறக்கமில்லா இரவுகள், இவற்றினிடையே மனத்தெளிவையும் அளந்து பார்க்கிறார்கள். பெரும்பாலோர் தேறாமல் பழைய படைக்கே திரும்புகின்றனர். எங்கள் ரயில்வேயிலும் தாமாக விரும்பி வேறு கோட்டத்திற்கு மாறுதல் கேட்போர், பணிமூப்பை இழந்து வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். மாறுதலுக்கு விலையுண்டு என்பது எங்கும் பொது. ஆனால் எங்களுக்குப் போவது பதவி உயர்வு; அவர்களுக்கு உயிரே போகலாம்.

இவ்வழியில் சென்ற ஒருவரை நாம் அறிந்திருத்தல் வேண்டும். மேஜர் மோகித் சர்மா 1978-இல் ஹரியானாவின் ரோத்தக்கில் பிறந்தவர். பொறியியற் படிப்பை விட்டுத் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்தார். 1999 டிசம்பரில் அதிகாரியாகி அவர் முதலிற் சேர்ந்த படை எது தெரியுமா? நம் மதராஸ் ரெஜிமெண்டின் 5-ஆம் பட்டாளம்! 1758-இல் தோன்றிய தொன்மையான படை அது. நீலகிரியின் வெலிங்டனில் அதன் பயிற்சி மையம் உள்ளது. பின்னர் ராஷ்டிரிய ரைபிள்ஸ் படையில் காஷ்மீரத்தில் பணிபுரிந்து, தரைப்படைத் தலைவரின் பாராட்டும் பெற்றார். அதன் பின்னரே சிறப்புப் படையை நாடி, 2003-இல் பாராசூட் கமாண்டோ ஆனார். பின்னர் சேனா பதக்கம் பெற்றார். பெல்காமில் கமாண்டோப் பயிற்சி ஆசிரியராகவும் விளங்கினார்.

2009 மார்ச் 21 அன்று, குப்வாரா மாவட்டத்தின் ஹப்ருடா காட்டில் அவர் நடத்திச் சென்ற குழுவின்மீது மூன்று திசைகளிலிருந்து குண்டுகள் பொழிந்தன. நால்வர் காயமுற்று வீழ்ந்தனர். மேஜர் தவழ்ந்து சென்று அவருள் இருவரை மீட்டார். மார்பிற் குண்டு பாய்ந்த பின்னும் தம் வீரர்களுக்கு ஆணையிட்டபடியே போரிட்டு, பயங்கரவாதிகள் நால்வரை வீழ்த்தி உயிர் துறந்தார். வயது 31. மறைவுக்குப் பின் வழங்கப்பட்ட அசோக சக்கரத்தை 2010 குடியரசு நாளில் அவருடைய மனைவி பெற்றுக்கொண்டார். அவரும் படை அதிகாரியே.

இவர் மதராஸ் ரெஜிமெண்டைத் துறந்தவர் என்று எவரேனும் குறை கூறுவரோ? முதற்படையிற் கற்ற ஒழுக்கமன்றோ அவரைப் புதுப்படைக்குத் தகுதியாக்கியது! இருக்கும் இடத்தில் வேலை பிடிக்காமல் ஓடுவது வேறு. அங்கே குறைவறப் பணிசெய்து, அதனினும் கடியதொன்றைத் தானே கேட்டுப் பெறுவது வேறு.

ஆகவே அந்த அம்மையாருக்கும், பிள்ளைகளைப் படைக்கு அனுப்பியுள்ள நம் இல்லங்களுக்கும் இரண்டு சொல்வேன். மகனைத் தடுக்காதீர்கள், “இப்போதுள்ள இடத்தில் உன் கடமையைக் குறைவறச் செய்தாயா?” என்று மட்டும் கேளுங்கள். ‘ஆம்’ என்று அவன் கூறுவானாயின் வாழ்த்தி அனுப்புங்கள். தேறாமல் திரும்பினால், உறவினர் முன் அதை ஒரு தோல்வியாகப் பேசாதீர்கள். முன்வந்து நின்றதே பெருமை.

அச்சம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பெற்ற வயிறு அஞ்சத்தான் செய்யும். அந்த அச்சம் அவன் கால்களைக் கட்டும் கயிறாகாமல் இருந்தாற் போதும்.