ஒரு ஊருக்கு எத்தனை பெயர்? எத்தனை பேர்?



"உன் ஊர் எது?" என்று கேட்டால் செம்பட்டி என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனா விண்ணப்பப் படிவம் நிரப்பும்போதுதான் தடுமாறும். வருவாய் கிராமம் என்று ஒரு கட்டம், ஊராட்சி என்று ஒரு கட்டம், உள்வட்டம், வட்டம், ஒன்றியம் என்று வரிசையாக இருக்கும். ஒரே ஊருக்கு எதுக்கு இத்தனை?

அரசாங்கம் நம்மை இரண்டு ஏணிகளில் ஏற்றி வைத்திருக்கிறது. முதல் ஏணி வருவாய்த்துறை. நிலம், பட்டா, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் இதில்தான். கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர், கலெக்டர் என்று மேலே போகும். இரண்டாவது ஏணி உள்ளாட்சி. தெருவிளக்கு, குடிதண்ணீர், சாக்கடை, வீட்டு வரி இதில் வரும். ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மூன்று படி. வருவாய் கிராமத்தின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. இது தெரியாமல் குழாயில் தண்ணி வரலைன்னு வி.ஏ.ஓ.விடம் போய் நின்றால், அரை நாள் கூலி போனதுதான் மிச்சம்.

வி.ஏ.ஓ. பதவியே பழசு இல்லை. தாத்தா பாட்டியைக் கேட்டால் மணியக்காரர், கணக்குப்பிள்ளை என்பார்கள். அந்த வேலை பரம்பரையாக அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது. 1980ல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஒழித்தது. அதன்பிறகுதான் தேர்வு எழுதி யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆனது.

நம்ம திண்டுக்கல் மாவட்டம் 1985 செப்டம்பர் 15ல் மதுரையிலிருந்து பிரிந்தது. 14 ஒன்றியங்கள், 306 ஊராட்சிகள். 2001 கணக்குப்படி மக்கள் 19,23,014. 2011ல் 21,59,775. பத்து வருஷத்தில் சுமார் 12 சதவீதம் கூடியிருக்கிறோம். 1000 ஆண்களுக்கு 998 பெண்கள். பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் கிராமத்துக்காரர்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியமான விஷயம். மக்கள்தொகைப் படிப்பு படிக்கிறவர்களுக்கு வெளிநாட்டில்கூட நம்ம ஆத்தூர் ஒன்றியத்தின் பெயர் தெரியும்! காரணம் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947ல் தொடங்கிய நிறுவனம் அது. 1959ல் அவர்கள் ஆத்தூர் ஒன்றியத்தில் ஒரு சுகாதாரத் திட்டம் ஆரம்பித்தார்கள். ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தாய் சேய் நலம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசினார்கள். ஊர்ப் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது ஆயிரம் பேருக்கு வருஷத்துக்குச் சுமார் 43 குழந்தைகள் பிறந்தன. 1968ல் அது சுமார் 28 ஆகக் குறைந்தது. அதட்டி மிரட்டி இதைச் செய்திருக்க முடியாது என்பது என் எண்ணம். பிரசவத்தில் தாய் பிழைப்பாள், பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் ஜனங்கள் கேட்டிருப்பார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மாநிலங்களுக்கான எம்.பி. இடங்கள் 1971 கணக்கை வைத்து நிறுத்தப்பட்டன. 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அப்படியே இருக்கட்டும் என்று 2001ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சொன்ன பேச்சைக் கேட்டுப் பிறப்பைக் குறைத்த மாநிலத்துக்கு இடம் குறையலாமா என்று தமிழ்நாட்டில் கேட்பது இதனால்தான். நியாயமான கேள்வி.

எண்ணிக்கை டில்லிக்கு மட்டும் வேண்டியது இல்லை. ஊராட்சிக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு தலைக்கணக்கைப் பார்த்துத்தான் வருகிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு எத்தனை தலைவர் பதவி ஒதுக்குவது என்பதும் அப்படித்தான். (பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016ல் சட்டம் வந்தது.) 2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கிராமசபையில் எழுந்து நின்று கேட்க ஆள் இருந்தாலும், பதில் சொல்லத் தலைவர் இல்லை என்ற நிலை வந்தது.

2021ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் நடக்கவில்லை. 2027 மார்ச் 1ஐக் கணக்குத் தேதியாக வைத்து எடுப்போம் என்று 2025ல் மத்திய அரசு அறிவித்தது. ஆக, இந்த இதழைப் படிக்கும் ஆறாம், ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, நீங்கள் யாரும் 2011 கணக்கில் கிடையாது!

கணக்கெடுக்க வருபவர் பெரும்பாலும் ஒரு ஆசிரியராகத்தான் இருப்பார். ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்று அவர் பார்க்க மாட்டார். குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் அங்கேயே குடியிருக்கிற மாமாவும் அத்தையும் திருப்பூர்க் கணக்கில்தான் வருவார்கள். திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வீடு இங்கே இருந்தாலும், அவர்கள் நம்ம ஊர்க் கணக்கில் வரமாட்டார்கள்.