பிள்ளைகளை விளையாட விடுவோம்



நாம் பட்ட கஷ்டம் நம் பிள்ளைகள் படக்கூடாது என்று நாம் எல்லோரும் விரும்புகிறோம். அதற்காகவே கடன் வாங்கியும் படிக்க வைக்கிறோம், டியூஷனுக்கு அனுப்புகிறோம். ஆனால் பல வீடுகளில் விளையாட்டு என்பது படிப்பு போக மிச்சமிருக்கும் நேரத்திற்கு உரியது என்று ஆகிவிட்டது. அந்த மிச்ச நேரத்தையும் இன்று செல்போன் எடுத்துக்கொள்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும். ஆனால் உலக அளவில் 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை என்று அந்நிறுவனம் 2019-இல் அறிவித்தது. ஆண் பிள்ளைகளில் இது 78 விழுக்காடு. பெண் பிள்ளைகளில் 85 விழுக்காடு.

இதனால் என்ன இழப்பு? எலும்பு உறுதிப்படும் காலம் பிள்ளைப் பருவமும் வளரிளம் பருவமுமே. ஓடும்போதும் குதிக்கும்போதும்தான் அது வலுப்பெறுகிறது. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பயன்படுத்திக்கொள்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு நோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு கூறும்போது, இது சிறிய காரியம் அல்ல. வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைகிறது. நன்றாக விளையாடிய பிள்ளை நன்றாகத் தூங்குகிறது; நன்றாகத் தூங்கிய பிள்ளையின் மனம் பாடத்தில் நிற்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பகுதிகளில் நாம் தைத்து அனுப்பும் ஷூக்களை அணிந்து வெளிநாடுகளில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். நம் பிள்ளைகளோ வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்குத் தாய்மார்களைக் குறை சொல்வது நியாயமல்ல. காலையில் ஷூ கம்பெனி வேனில் ஏறிப் போகும் தாய், இருட்டும் நேரத்தில்தான் திரும்புகிறார். பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டுமே என்ற பயத்தில், "வெளியே போகாதே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் விளையாட்டு அத்தோடு நின்றுவிடுகிறது.

இத்தாலியின் தூரின் நகரில், வேலை தேடி வந்த ஏழைச் சிறுவர்களுக்காக 1841-இல் பணியைத் தொடங்கிய புனித தொன் போஸ்கோ, வீடு, பள்ளி, ஆலயம் ஆகியவற்றோடு விளையாட்டுத் திடலும் வேண்டும் என்று கண்டார். தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதிக்கும் இது பொருந்தும்.

நம் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ எடைப்பிரிவில் பளுதூக்கித் தங்கம் வென்றார். பளுதூக்கும் வீரராக இருந்த தந்தையே அவருக்கு வழிகாட்டி. எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்ல வேண்டியதில்லை. ஆனால் கூட வந்து ஊக்குவிக்கும் ஒரு பெரியவர் எல்லாப் பிள்ளைக்கும் தேவை.

நாம் செய்யக்கூடியவை:

1. வேலூர் வெயில் கடுமையானது. எனவே கோடையில் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் விளையாட விடுவோம். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்புவோம்.

2. கபடி, கோ-கோ, நொண்டி, ஸ்கிப்பிங் இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

3. உடற்கல்வி வகுப்பைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்போம். விளையாட்டுத் திடல் பள்ளிக்கு அவசியம் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே கூறுகிறது.

4. மாலையில் ஒரு மணி நேரம் கோவில் வளாகத்தில் பிள்ளைகள் விளையாடட்டும். அன்பியத்துக்கு இருவர் வீதம், ஓய்வு பெற்றோரும் இளைஞர்களும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டால், கம்பெனியில் இருக்கும் தாய் நிம்மதியாக இருப்பார். பெண் பிள்ளைகளும் தயக்கமின்றி வருவார்கள்.

உடல் இறைவன் தந்த கொடை. அதைப் பேணக் கற்றுக்கொடுப்பதும் பிள்ளை வளர்ப்பின் ஒரு பகுதியே. அடுத்த அன்பியக் கூட்டத்திலேயே இதைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்.