அக்கரை வரிகள் – 9: கப்பல் பைலட்டும் கட்டுரையாளரும் ஒரே வரிசையில்

ஜெர்மனியில் வீட்டு முகவரியைப் பதிவதையும், அந்தப் படிவத்தில் மதத்தை எழுதிய கையோடு தேவாலய வரி வந்து ஒட்டிக்கொள்வதையும் போன வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் மருத்துவக் காப்பீடு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கப்பல் குறுக்கே வந்துவிட்டது.

ஃபிரீலான்சர் ஒருவர் ஜெர்மனியில் வரி அலுவலகத்துக்குப் போனால், எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்ற கேள்வி பிறகுதான். முதலில் நீங்கள் யார் என்பது தீர்மானமாக வேண்டும். சுயதொழில் செய்பவர்களை ஜெர்மானியச் சட்டம் இரண்டு கூடையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று ‘கெவெர்பெ’: கடை, உணவகம், இணைய விற்பனை, தரகு என்று வணிகம் செய்கிறவர்கள். மற்றது ‘ஃப்ரைபெருஃப்லர்’: படிப்பையும் மூளையையும் மூலதனமாக வைத்துப் பிழைக்கிறவர்கள். முதல் கூடைக்காரர் உள்ளூர் வணிகப் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். இரண்டாம் கூடைக்காரர் நேராக வரி அலுவலகத்துக்கு எழுதினால் போதும்.

யார் எந்தக் கூடை? வருமான வரிச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் பெயர் சொல்லியே ஒரு பட்டியல் இருக்கிறது. மருத்துவர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், வக்கீல், நோட்டரி, நில அளவைப் பொறியாளர், கட்டடக்கலைஞர், ஆடிட்டர், பிசியோதெரபிஸ்ட், பத்திரிகையாளர், செய்திப் புகைப்படக்காரர், உரைபெயர்ப்பாளர், மொழிபெயர்ப்பாளர்... எல்லாம் எதிர்பார்த்ததுதான் என்று படித்துக்கொண்டே வந்தால், கடைசிப் பெயராக ‘லோட்சே’ நிற்கிறார். துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஏறி வழி சொல்லும் பைலட்!

வாரம் முழுக்க இவரை விட்டு என்னால் நகர முடியவில்லை. தூத்துக்குடியிலும் சென்னையிலும் கப்பலுக்கு பைலட்டைக் கொடுப்பது துறைமுக நிர்வாகம். ஜெர்மனியின் கடல் பைலட்டோ யாருடைய சம்பளக்காரரும் அல்லர். பல்லாயிரம் டன் சரக்குக் கப்பல் எல்ப் ஆற்றின் வழியே ஹாம்பர்க்குக்குப் போகும்போது, கயிற்றேணியில் தொற்றி ஏறி கேப்டன் பக்கத்தில் நின்று வழி சொல்கிற அந்த மனிதர் ஒரு ஃபிரீலான்சர். 1954ஆம் ஆண்டின் கடல் பைலட் சட்டம் அவரை அப்படித்தான் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நீர்வழிக்கும் பைலட்டுகளின் ‘சகோதரத்துவம்’ ஒன்று உண்டு, பெயரே அதுதான். கப்பல்கள் கட்டும் பைலட் கட்டணத்தைத் தன் உறுப்பினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இந்தச் சகோதரத்துவத்தின் வேலை. வட கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கீல் கால்வாயின் நீளம் 98 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதைக் கடக்கும் கப்பலில் பாதி வழியில் ரூஸ்டர்பெர்கன் என்ற இடத்தில் ஒரு பைலட் இறங்கி இன்னொருவர் ஏறுவார். இரண்டு சகோதரத்துவங்கள், இரண்டு பாதி. வருடக் கடைசியில் இருவரும் வரவு செலவு கணக்குப் போட்டு, கட்டுரை எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவர் நிரப்பும் அதே படிவத்தை நிரப்புகிறார்கள்.

கப்பல் பைலட் உண்டென்றால் விமான பைலட்? அவர் பெயர் பட்டியலில் இல்லை. நானும் பைலட்தானே, பொறியாளருக்கு நிகரான படிப்பும் படித்திருக்கிறேனே என்று ஒரு விமானி வழக்குக்குப் போனார். நாட்டின் உச்ச வரி நீதிமன்றம் ஏற்கவில்லை. வணிகக் கூடையில் போட்டுவிட்டது.

இத்தகைய வழக்குகளுக்கு வாசல், பட்டியலின் முடிவில் இருக்கும் ‘மற்றும் இவற்றை ஒத்த தொழில்கள்’ என்ற சொற்கள்தாம். டுசல்டோர்ஃபில் ஒரு பச்சை குத்துகிறவருக்கு இந்த வாசலே தேவைப்படவில்லை, கலைஞர் என்றே நீதிமன்றம் 2021இல் ஏற்றுக்கொண்டது. நம்மவர்களுக்கு நெருக்கமான வழக்கு கம்ப்யூட்டர்காரர்களுடையது. கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளை எழுதுகிறவர் பொறியாளருக்கு ஒப்பானவர். கணக்கு, சம்பளம், சரக்கிருப்பு போன்ற பயன்பாட்டு மென்பொருளை எழுதுகிறவர் வணிகர் என்று பல காலம் ஒரு விசித்திரப் பாகுபாடு இருந்தது. 2004இல் அதே உச்ச வரி நீதிமன்றம் அந்தக் கோட்டைத் தளர்த்தியது. பட்டம் இல்லாமல் சொந்தமாகக் கற்றவரும் தன் அறிவு பொறியாளருக்கு நிகரானது என்று நிரூபித்தால் உள்ளே வரலாம்.

கோயம்புத்தூரில் பி.இ. முடித்துவிட்டு பெர்லினுக்குப் போனவருக்கு இதில் சிக்கல் குறைவு. எனக்குத் தெரிந்த ஈரோட்டுத் தம்பி படித்தது பி.காம். வேலை நிரல் எழுதுவது. வரி அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது: படிப்புச் சான்று, செய்த வேலைகளின் விவரம், வாடிக்கையாளர் ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். “பத்து வருஷமா கோடு எழுதறனுங்கண்ணா. நீ ஆருன்னு இப்பக் கேக்கறாங்க” என்று போனில் சிரித்தார். சிரிப்புக்கு அடியில் பயம் இருந்தது. அவர் விசாவே ஃப்ரைபெருஃப்லர் என்ற பெயரில் வாங்கியது. இன்னும் பதில் வரவில்லை. தமிழ்-ஜெர்மன் உரைபெயர்ப்பாளர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எண்பதுகளில் ஈழத்திலிருந்து ஜெர்மனிக்குப் போனவர்களின் அகதி விசாரணைகள் தொடங்கி, தமிழை ஜெர்மனில் சொல்ல ஆள் தேவைப்பட்டபடியேதான் இருக்கிறது. அவர்கள் தொழிலோ பட்டியலிலேயே பெயரோடு நிற்கிறது.

சரி, வணிகக் கூடையில் விழுந்தால் குடி முழுகிவிடுமா? ‘வணிக வரி’ என்று தனியாக ஒன்று வரும். ஆண்டு லாபத்தில் 24,500 யூரோ வரை அது கிடையாது. அதற்கு மேல் 3.5 சதவீதம் எடுத்து, அதை உள்ளாட்சி வைத்திருக்கும் பெருக்கு விகிதத்தால் பெருக்க வேண்டும். பெர்லினில் 410 சதவீதம், மியூனிக்கில் 490. லாபம் 64,500 யூரோ என்றால் பெர்லினில் 5,740 யூரோ. தலை சுற்றுகிறதல்லவா? இங்கேதான் பலர் பாதியில் படிப்பதை நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பயமுறுத்தப் போய்விடுகிறார்கள். வருமான வரி போதிய அளவு இருந்தால், அதிலிருந்து 5,600 யூரோவைக் கழித்துக்கொள்ளலாம். நிகரச் சுமை பெர்லினில் 140 யூரோ, மியூனிக்கில் 1,260. வணிகர் சங்க உறுப்பினர் கடமையும், லாபம் 80,000 யூரோவைத் தாண்டினால் முழுக் கணக்குப் புத்தகம் எழுத வேண்டியதும்தான் உண்மையான இடைஞ்சல்.

பெருக்கு விகிதம் என்றதும் நார்டர்ஃப்ரீட்ரிஷ்ஸ்கோக் ஞாபகம் வருகிறது. வட கடலோரத்தில் சுமார் நாற்பது பேர் வாழும் குக்கிராமம். அந்த ஊரில் முன்பு வணிக வரி பூஜ்யமாக இருந்தது. பெரிய நிறுவனங்களின் கிளைக் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் அந்த ஊர்ப் பண்ணை வீடுகளை முகவரியாகக் கொடுத்துப் பதிந்துகொண்டன. 2004இல் எந்த ஊரும் 200 சதவீதத்துக்குக் கீழே வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. கம்பெனிகள் கிளம்பிவிட்டன.

வரி அலுவலகத்தில் பதிந்துகொள்ளும் படிவத்துக்கு வருவோம். தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் ‘எல்ஸ்டர்’ என்ற அரசுத் தளத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். முழுக்க ஆன்லைன்தான், ஆனால் அந்தக் கணக்கைத் திறக்கும் ரகசிய எண் தபாலில் வரும்! ஆகவே கடைசி நாள் வரை காத்திராதீர்கள். இந்த ஆண்டு எவ்வளவு லாபம் வரும் என்று ஒரு கட்டம் கேட்கும். நம் ஆட்கள் கௌரவத்துக்குப் பெரிய எண்ணாகப் போட்டுவிடுவது உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் முன்கூட்டிக் கட்டும் வரியை அலுவலகம் நிர்ணயிக்கும்: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் 10ஆம் தேதி. வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்தாலும் தேதி நகராது. தனி ஆளுக்கு ஒரு வரம்பு வரை (2025இல் அது 12,096 யூரோ) வருமான வரியே இல்லை என்பதை நினைவில் வைத்து, நியாயமான எண்ணை எழுதுங்கள். குறைந்துபோனால் பிறகு கடிதம் போட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு கட்டம், சிறு தொழில்முனைவோர் சலுகை. 2025 முதல் ஆண்டு விற்றுவரவு 25,000 யூரோவுக்குள் இருப்பவர் இன்வாய்ஸில் 19 சதவீத விற்பனை வரியைச் சேர்க்க வேண்டாம். லேப்டாப் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. செலவு அதிகமில்லாத எழுத்து வேலைக்கு இது லாபம். கேமரா, லென்ஸ் என்று வாங்கிக் குவிப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

காப்பீட்டுக்கு இடமில்லை. எழுத்தாளர், கலைஞர்களின் காப்பீட்டுத் தொகையில் பாதியை மற்றவர்கள் கட்டும் ஒரு ஜெர்மானிய நிதியம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் என்ற துறைமுக நகரத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே போகிறோம். அதற்குள் படிவம் நிரப்ப உட்காருகிறவர்கள், தொழில் என்ற கட்டத்தில் ‘ஐடி’ என்று இரண்டே எழுத்தை எழுதிவிட்டு நகராதீர்கள். என்ன வடிவமைக்கிறீர்கள், எந்தப் படிப்பை வைத்துச் செய்கிறீர்கள் என்று நான்கு வரி தெளிவாக எழுதுங்கள். பட்டச் சான்றிதழின் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் தயாராக வைத்திருங்கள்.